காட்டையும் பாலையையும் படைக்கும் காற்று

உங்கள் பள்ளி அட்லசை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பீகாரில் உள்ள பாட்னா நகரைக் கண்டுபிடியுங்கள். அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 25½ பாகையில் இருக்கிறது. அங்கிருந்து அதே அட்சக்கோட்டின்மீது மேற்கு நோக்கி விரலை நகர்த்திச் செல்லுங்கள். ராஜஸ்தான், பாகிஸ்தான், பாரசீக வளைகுடா, அரேபியா, செங்கடல் இவற்றைத் தாண்டினால் எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையில் லக்சர் என்னும் ஊர் வரும்.

பாட்னாவும் லக்சரும் ஒரே அட்சத்தில் இருப்பவை. வளிமண்டலத்துக்கு மேலே நின்று அளந்தால், இரண்டு ஊர்களுக்கும் கதிரவன் ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஒளியைத்தான் வழங்குகிறான். ஆனால் பாட்னாவில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது, நெல்லும் கோதுமையும் விளைகின்றன. லக்சரிலோ அளந்து சொல்லும்படியான மழையே இல்லாமல் ஆண்டுகள் கழிவதுண்டு. நைல் நதி மட்டும் இல்லாவிட்டால் அங்கே மனிதன் வாழ முடியாது.

கதிரவன் பாரபட்சம் காட்டவில்லை. அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கதிரவன் தரும் ஆற்றலைக் காற்று எப்படி எடுத்துச் சென்று பங்கிடுகிறது என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

வரவு எவ்வளவு?

கதிரவனிலிருந்து பூமி சராசரியாக 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில், கதிரவனை நேராக நோக்கியபடி ஒரு சதுர மீட்டர் பலகையை வைத்தால் அதன்மீது விழும் ஆற்றல் 1,361 வாட். ஒரு மின் இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்க இது போதும்.

ஆனால் பூமி தட்டையான பலகை அன்று. அது ஓர் உருண்டை. கதிரவனுக்கு அது ஒரு வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்தின் பரப்பு πr². உருண்டையின் முழுப் பரப்போ 4πr². ஆகவே பகல், இரவு, எல்லா இடங்கள் என்று சராசரி பார்த்தால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 1,361இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 340 வாட்தான். இதில் 100க்கு 30 பங்கு மேகங்களாலும், பனிப்பரப்பாலும், மணலாலும், காற்றிலுள்ள துகள்களாலும் விண்வெளிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. மீதி சுமார் 240 வாட் பூமியில் தங்கி நிலத்தையும் நீரையும் காற்றையும் சூடேற்றுகிறது. ஏறத்தாழ இதே அளவு ஆற்றலைப் பூமி அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் பூமி கொதித்துப் போவதுமில்லை, உறைந்து போவதுமில்லை.

ஒரு சோதனை

இது சராசரிக் கணக்கு. ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கும் பங்கு ஒன்றல்ல. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரைபடத்தாளை மேசைமீது விரியுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் விளக்கைத் தாளுக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். விழும் ஒளிவட்டத்தைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். பிறகு அதே தொலைவில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விழும் ஒளியின் எல்லையை மறுபடியும் வரையுங்கள். இரண்டிலும் உள்ள கட்டங்களை எண்ணுங்கள்.

சாய்ந்து விழுந்த ஒளி அதிகக் கட்டங்களில் பரவியிருக்கும். விளக்கிலிருந்து வரும் ஒளி முன்போல அதே அளவுதான். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது. கதிர் தரையோடு 30 பாகைக் கோணத்தில் விழுந்தால், அதே ஒளி இரண்டு மடங்கு பரப்பில் பரவும்; ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது பாதிதான். (சைன் 30 பாகையின் மதிப்பு ½ என்று நீங்கள் கணிதத்தில் படித்திருப்பீர்கள்.)

நிலநடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் கதிரவன் தலைக்கு மேலே நிற்கிறான். துருவங்களில் அவன் தொடுவானத்தை ஒட்டியே நகர்கிறான். ஆண்டில் பாதி நாள் தலையே காட்டுவதில்லை. இதனால் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 35 பாகை வரையுள்ள பகுதி தான் இழப்பதைவிட அதிகமான ஆற்றலைப் பெறுகிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதிகளோ பெறுவதைவிட அதிகமாக இழக்கின்றன. ஒரு பக்கம் உபரி, மறுபக்கம் பற்றாக்குறை. ஆயினும் வெப்ப நாடுகள் ஆண்டுக்காண்டு மேலும் சூடாகிக்கொண்டே போவதில்லை. துருவங்களும் முடிவின்றிக் குளிர்ந்துகொண்டே போவதில்லை. ஏன்? உபரியைச் சுமந்து சென்று பற்றாக்குறையுள்ள இடத்தில் சேர்க்கும் வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. சுமப்பவை காற்றும் கடல்நீரும். இவற்றுள் பெரும்பங்கு காற்றினுடையது.

ஹாட்லி கண்ட விடை

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் மாலுமிகளுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரிந்திருந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆண்டு முழுவதும் வடகிழக்கிலிருந்தும், தெற்கே தென்கிழக்கிலிருந்தும் நம்பத்தகுந்த காற்று வீசும். இவற்றை வியாபாரக் காற்றுகள் என்பர். வால்மீனால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி 1686இல் இக்காற்றுகளுக்கு ஒரு படம் வரைந்து வெளியிட்டார். நிலநடுக்கோட்டருகே காற்று சூடாகி மேலே எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது என்று அவர் சரியாகவே சொன்னார். ஆனால் அது ஏன் நேர் வடக்கிலிருந்தும் நேர் தெற்கிலிருந்தும் வராமல் கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது? இதற்கு அவர் சொன்ன காரணம் பொருந்தவில்லை.

விடையைக் கண்டவர் ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேயர். தொழிலால் அவர் வழக்கறிஞர். 1735இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை எழுதினார். அவருடைய வாதம் இதுதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 30 பாகை அட்சத்திலோ அந்த வேகம் சுமார் 1,446 கி.மீ.தான். 30 பாகையிலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கிப் புறப்படும் காற்று, தான் புறப்பட்ட இடத்தின் குறைந்த வேகத்தோடு வருகிறது. அதன் அடியிலுள்ள தரையோ வர வர வேகமாக ஓடுகிறது. எனவே காற்று பின்தங்குகிறது. தரையில் நிற்பவனுக்கு அது கிழக்கிலிருந்து வீசுவதாகத் தோன்றுகிறது.

அப்படியானால் அது மணிக்கு 224 கி.மீ. வேகத்தில் வீச வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! வழியெங்கும் நிலத்தோடும் கடலோடும் உராய்வதால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தேய்ந்துவிடுகிறது. சுழலும் பொருளின்மீது நகர்பவை இப்படித் திசை மாறுவதற்குரிய கணித விதியைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி 1835இல் வகுத்தார். ஆயினும் இந்தக் காற்றுச் சுழற்சி இன்றும் ஹாட்லியின் பெயராலேயே வழங்குகிறது.

ஒரே சக்கரம், இரண்டு நிலங்கள்

இனி இந்தச் சுழற்சியோடு நாமும் ஒரு சுற்றுப் போய் வருவோம். ஆப்பிரிக்காவின் நடுவே காங்கோ ஆற்றுப் படுகையிலிருந்து புறப்படலாம். இங்கே நிலநடுக்கோட்டின் இருபுறத்திலிருந்தும் வரும் ஈரக் காற்றுகள் சந்திக்கின்றன. சூடான ஈரக் காற்று மேலே எழுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அது விரிகிறது; விரிவதால் குளிர்கிறது. நீராவி குளிர்ந்து மேகமாகிறது. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் வெளிப்படும். இந்த வெப்பம் காற்றை மேலும் தூக்கிவிடுகிறது. இடிமேகங்கள் 15 கி.மீ. உயரத்துக்கும் வளர்கின்றன. மழை கொட்டுகிறது. ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மி.மீ. மழை பெறும் காங்கோக் காடு இவ்வாறு பிழைக்கிறது.

மழையாக ஈரத்தை இறக்கி வைத்துவிட்ட காற்று, உயரத்தில் இருபுறமும் பிரிந்து வடக்கேயும் தெற்கேயும் செல்கிறது. துருவம் வரை செல்லும் என்று ஹாட்லி எண்ணினார். ஆனால் பூமியின் சுழற்சி அதை மேலும் மேலும் கிழக்கே திருப்பிவிடுகிறது. வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து அது கனமாகிறது. ஆகவே 20 முதல் 30 பாகை அட்சங்களில் அது கீழே இறங்குகிறது. அங்கிருந்து துருவம் வரை வெப்பத்தைச் சுமக்கும் வேலையை மேலைக்காற்றுகளும் அவற்றோடு நகரும் புயல்களும் ஏற்றுக்கொள்கின்றன.

இறங்கும் காற்றுக்கு என்ன நேர்கிறது? கணக்கிட்டுப் பாருங்கள். 5 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை –10 செல்சியஸ் பாகை என்று வைத்துக்கொள்வோம். இறங்க இறங்க அழுத்தம் கூடுவதால் காற்று அமுங்கிச் சூடாகும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம். வழியில் வெப்பத்தை இழக்காமல் தரைக்கு வந்தால் அது 40 பாகையாகிவிடும். ஆனால் அதில் உள்ள ஈரம், மேலே குளிரில் இருந்த அதே சொற்ப ஈரம்தான். 40 பாகைக் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் அது 100க்குப் 10 பங்குகூட இராது. இத்தகைய காற்று மேகத்தை உண்டாக்காது. இருக்கும் மேகத்தையும் குடித்துவிடும். இக்காற்று இறங்கும் இடமே சஹாரா. ஏறத்தாழ 90 லட்சம் சதுர கி.மீ. பரந்து கிடக்கும் அப்பாலைவனத்தின் பெரும்பகுதிக்கு ஆண்டில் 100 மி.மீ. மழைகூடக் கிடையாது.

காங்கோக் காட்டையும் சஹாராவையும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்களாகக் காணுங்கள். அங்கே ஏறிய காற்றுதான் இங்கே இறங்குகிறது. அட்லசில் மற்றப் பாலைவனங்களையும் தேடுங்கள். அரேபியா, தார், தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியா: எல்லாம் ஏறக்குறைய இதே அட்சங்களில் அமைந்திருப்பதைக் காண்பீர்கள்.

நகரும் மழைப்பட்டை

காற்றுகள் சந்தித்து எழும் பகுதி பூமியைச் சுற்றி ஒரு பட்டைபோல் அமைந்துள்ளது. இதை மழைப்பட்டை என்று அழைப்போம். இது ஒரே இடத்தில் நிற்பதில்லை. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால் கதிரவன் தலைக்கு மேல் நிற்கும் இடம் ஆண்டுதோறும் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே போய் வருகிறது. மழைப்பட்டை சில வாரங்கள் பின்தங்கி அதைத் தொடர்கிறது.

நைஜர் நாட்டின் தலைநகரான நியாமே நம் சென்னையைப் போலவே 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் பட்டை அங்கே வந்து சேருகிறது. மழை உச்சத்தை அடைகிறது. அக்டோபருக்குள் பட்டை தெற்கே போய்விடும். பிறகு அடுத்த கோடை முடியும்வரை சஹாராவின் வறண்ட காற்றுதான்.

பாட்னாவின் மழைக்கும் இதே பட்டைதான் காரணம். ஆசியாவின் பெருநிலம் கோடையில் விரைவாகச் சூடாகிறது. உயர்ந்து நிற்கும் இமயமும் திபெத்தும் வடக்கேயுள்ள வறண்ட குளிர்க்காற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே ஆப்பிரிக்காவில் 15 பாகையைத் தாண்டவே திணறும் மழைப்பட்டை, நம் நாட்டில் 25 பாகை வரை இழுத்துவரப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை என்று நாம் சொல்வது இதையே. பட்டை தெற்கே திரும்பும்போது வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்று சென்னைக்கு அதன் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் தருகிறது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இந்தியப் பருவமழையில் மேலெழும் காற்றினால் உண்டாகும் அலையின் விளைவாக, கிழக்குச் சஹாரா மீது காற்று மேலும் வலுவாக இறங்குகிறது என்று 1996இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினர். பாட்னாவின் மழை, லக்சரின் வறட்சியை ஓரளவு கூட்டுகிறது!

சஹாரா பசுமையாய் இருந்த காலம்

மழைப்பட்டை சில பாகைகள் இடம் மாறினால் என்ன ஆகும்? சஹாராவின் பாறைகளே இதற்குச் சாட்சி சொல்கின்றன. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலைப்பகுதியில், சொட்டு நீரும் இல்லாத இடத்தில், மாட்டு மந்தைகளையும் நீர்யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன. மணலுக்கு அடியில் ஏரிப் படிவுகளும் முதலை எலும்புகளும் கிடைக்கின்றன. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சஹாராவின் பெரும்பகுதி புல்வெளியாக இருந்தது. அக்காலச் சாட் ஏரி 3 லட்சம் சதுர கி.மீ.க்கும் மேல் பரந்திருந்தது.

காரணம் பூமியின் பாதையில் இருக்கிறது. பூமி இப்போது ஜனவரியில் கதிரவனுக்கு அருகிலும் ஜூலையில் தொலைவிலும் இருக்கிறது. அருகில் இருக்கும்போது கிடைக்கும் ஆற்றல், தொலைவில் இருக்கும்போது கிடைப்பதைவிட 100க்கு 7 பங்கு அதிகம். ஆனால் இந்த மாதக் கணக்கு நிலையானதன்று. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளில் அது ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளத்தின் கோடைக்காலத்தில் பூமி கதிரவனுக்கு அருகில் இருந்தது. கோடை வெயில் சற்றுக் கூடியது, மழைப்பட்டை மேலும் வடக்கே சென்றது, பாலை புல்வெளியாயிற்று. 100க்கு 7 பங்கு என்பது சிறு மாற்றம்தான். ஆனால் ஒரு கண்டத்தின் முகமே அதனால் மாறிவிட்டது.

சாஹேலின் துயரம்

சஹாராவின் தென்விளிம்பில் செனகல், மாலி, நைஜர், சாட் முதலிய நாடுகளின் குறுக்கே ஓடும் புல்நிலப் பட்டைக்குச் சாஹேல் என்று பெயர். அரபு மொழியில் ‘கரை’ என்று பொருள். மணற்கடலுக்கு அதுதானே கரை! அங்குள்ள மக்கள் கம்பும் சோளமும் பயிரிட்டு, மாடு மேய்த்து வாழ்பவர்கள். நம் நாட்டுக் கம்பின் தாயகமும் அப்பகுதியே. மழைப்பட்டை வடக்கே வந்து எட்டிப்பார்க்கும் மூன்று மாதங்களே அவர்களுக்கு வாழ்வு.

1960களின் இறுதியில் அந்த மழை பொய்க்கத் தொடங்கியது. 1972, 1973 ஆண்டுகளில் பஞ்சம் உச்சத்துக்குச் சென்றது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர், மந்தைகள் அழிந்தன. 1983, 1984இல் மீண்டும் கடும் வறட்சி. 1960களில் 25,000 சதுர கி.மீ. இருந்த சாட் ஏரி, 1980களின் நடுவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது.

யார் செய்த குற்றம்? அம்மக்களே அளவுக்கு மீறி மாடு மேய்த்து நிலத்தை மொட்டையாக்கிவிட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். மொட்டை நிலம் ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதனால் காற்று எழுவது குறையும். மழையும் குறையும் என்று அமெரிக்க அறிஞர் ஜூல் சார்னி 1975இல் விளக்கினார். அவர் கூறிய இயக்கம் உண்மையே. ஆனால் இவ்வளவு பெரிய வறட்சிக்கு அது மட்டும் போதாது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடல்மேற்பரப்பின் வெப்பநிலைகளை மட்டும் கணிப்பொறிக்குக் கொடுத்தபோதே, சாஹேலின் மழை ஏறி இறங்கிய விதம் பெரும்பாலும் விடையாக வந்தது. வட அட்லாண்டிக் குளிர்ந்தும் தென்கடல்கள் சூடாகவும் இருந்ததால், மழைப்பட்டை சூடான தெற்குப் பக்கமே தங்கிவிட்டிருக்கிறது.

வட அட்லாண்டிக் ஏன் குளிர்ந்தது? கடலின் இயல்பான ஏற்ற இறக்கங்களுக்கு அதில் பங்கு உண்டு. இன்னொரு பங்கு ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் புகைபோக்கிகளுக்கு உரியது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நிலக்கரி எரிந்து வெளியான கந்தக டை ஆக்சைடு காற்றில் நுண்துகள்களாகி, கடல்மீது விழும் வெயிலைத் தடுத்தது. 1970களிலிருந்து அந்நாடுகள் சட்டம் இயற்றிப் புகையைக் குறைத்தன. 1990களிலிருந்து சாஹேலில் மழையும் ஓரளவு மீண்டிருக்கிறது. புகையைக் கண்ணாலும் கண்டிராத உழவன், அப்புகைக்காகப் பட்டினி கிடந்தான்!

இன்று கந்தகத் துகள்களைவிட நீடித்து நிற்கும் ஒரு மாற்றத்தை நாம் காற்றில் செய்துவருகிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை அது தடுத்து வைக்கிறது. 1980களிலிருந்து ஹாட்லியின் சக்கரம் துருவங்களை நோக்கிச் சற்றே விரிந்திருப்பதையும் அளவீடுகள் காட்டுகின்றன. வறண்ட காற்று இறங்கும் எல்லை நகர்கிறது என்பதே இதன் பொருள். எந்த வயலின் மழை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணித்தறியும் பொறுப்பு உங்கள் தலைமுறையிடம் வருகிறது. இந்தப் பாடத்தில் நாம் பார்த்த ஒளி, வெப்பம், அழுத்தம், சுழற்சி ஆகிய எளிய விதிகளே அந்த வேலைக்கு அடிப்படை.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பூமி கிழக்கிலிருந்து மேற்காகச் சுழன்றால் வியாபாரக் காற்றுகள் எத்திசையிலிருந்து வீசும்?

2. பூமியின் அச்சு சாயாமல் நேராக இருந்தால் நியாமே நகரின் மழை என்ன ஆகும்? காங்கோக் காட்டின் மழை என்ன ஆகும்?

3. சென்னையில் கதிரவன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும்தான். ஆனால் பெருமழை பெய்வது நவம்பரில். நியாமேயிலோ ஆகஸ்டிலேயே பெருமழை. ஒரே அட்சத்தில் உள்ள இரண்டு ஊர்களுக்கு ஏன் இந்த வேறுபாடு? அட்லசில் கடல் எப்பக்கம், மலை எப்பக்கம் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.